அரக்குப் புடவையும் ஏழு கோடுகளும்: ஒரு கல்யாணம், இரண்டு ஃபுல் ஃப்ரேம் கேமராக்கள்

ஆல்பம் கொடுத்த மூன்றாம் நாள் பெண்ணின் அம்மா எங்கள் கோபிசெட்டிபாளையம் கடைக்கு வந்தார். ஒரு கையில் ஆல்பம், இன்னொரு கையில் மஞ்சப்பை. பைக்குள் முகூர்த்தப் புடவை. ஆல்பத்தை மேசையில் விரித்து, புடவையை அதன் மேல் போட்டார். "ஏனுங் தம்பி, நாங்க அரக்குல எடுத்த பொடவைங்க இது. உங்க போட்டாவுல ரோசாப்பூவாட்ட இருக்குது. அடுத்த பக்கத்துல பார்த்தா செங்கல்லாட்ட இருக்குது. ஒரே பொடவை எப்படிங்க ரெண்டு கலர் ஆகும்?"

அதோடு முடியவில்லை. வரவேற்பு மேடைப் படங்களில் பெண்ணின் முகத்தின் மேல் படுக்கைவாக்கில் பட்டை பட்டையாகக் கோடு. தாராபுரம் பக்கம் காற்றாலைக்கு முன்னால் எடுத்து, ஆசையாகப் பெரிதாக அடித்துக் கொடுத்த கேன்வாஸில் வானமெங்கும் கறுப்புப் புள்ளி. "ஈ மொய்ச்ச மாதிரி" என்றார். பொய்யில்லை.

அவர் போனதும் தம்பி சொன்ன முதல் வார்த்தை: "பழைய கேமராவைத் தலையைச் சுத்தி வீசுங்கண்ணா." எங்களிடம் இருப்பவை இரண்டு ஃபுல் ஃப்ரேம் கேமராக்கள், அதாவது படம் பதியும் சென்சார் பழைய ஃபிலிம் அளவுக்கு இருப்பவை. ஒன்று 24 மெகாபிக்சல் டிஎஸ்எல்ஆர் (உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடி உள்ளது), செகண்ட் ஹேண்டில் வாங்கியது. இன்னொன்று 45 மெகாபிக்சல் மிரர்லெஸ் (அந்தக் கண்ணாடி இல்லாதது). கடையில் டிஎஸ்எல்ஆருக்குப் பெரியவன், மிரர்லெஸ்ஸுக்குச் சின்னவன் என்றுதான் பெயர். பெரியவனை விற்றுவிட்டு இன்னொரு சின்னவன் வாங்கவேண்டும் என்பது தம்பியின் நெடுநாள் கனவு. இந்தப் புகார் அவனுக்கு அல்வாவாக வந்து சேர்ந்தது. மூன்று குறைக்கும் பெரியவன்தான் காரணம் என்று தீர்ப்பே எழுதிவிட்டான்.

நான் ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். எந்தப் படத்தை எந்தக் கேமரா எடுத்தது என்பது ஃபைலிலேயே பதிந்திருக்கும். முதலில் அதைப் பார்ப்போம் என்றேன். பார்த்தால், மூன்றில் இரண்டு புகாருக்குப் பெரியவன் பக்கத்திலேயே இல்லை.

வானத்துப் புள்ளிகள்

கேன்வாஸ் படம் சின்னவன் எடுத்தது. பெரிய பிரிண்ட்டுக்கு 45 மெகாபிக்சல்தான் சரி என்று அன்றைக்கு நானே சொல்லியிருந்தேன்.

அது ஆனி மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று உடுமலை, தாராபுரம் பக்கமெல்லாம் அடித்துத் தூக்கும் பருவம். காற்றாலைகள் அங்கே வரிசைகட்டி நிற்பதே அதனால்தான். அந்தப் பொட்டல் காட்டில் நின்று இரண்டு முறை லென்ஸ் மாற்றியிருக்கிறோம். டிஎஸ்எல்ஆரில் லென்ஸைக் கழற்றினால் முன்னால் கண்ணாடி, அதன் பின்னால் மூடிய ஷட்டர் என்ற திரை, அதற்கும் பின்னால்தான் சென்சார். மிரர்லெஸ்ஸில் பெரும்பாலும் அப்படி இல்லை. லென்ஸைக் கழற்றினால் சென்சார் வாசலிலேயே திறந்தமேனியாக நிற்கும். கேமராவை அணைத்தால் ஷட்டரை மூடிக்கொள்ளும் ஏற்பாடு சில மாடல்களில் உண்டு. கேனான் 2018ல் கொண்டுவந்த ஈஓஎஸ் ஆர் அப்படிப்பட்டது. சின்னவனுக்கு அந்த வசதி கிடையாது.

படங்களை நேர வரிசையில் அடுக்கினோம். முந்தின நாள் கொடிவேரியில் எஃப் 8-ல் எடுத்தவை சுத்தம் (எஃப் என்பது அபர்ச்சர் எனும் லென்ஸ் துவாரத்தின் அளவு, எண் ஏறினால் துவாரம் சுருங்கும்). காற்றாலையில் முதல் லென்ஸ் மாற்றும் வரைக்கும் சுத்தம். மாற்றிய பிறகு எடுத்த முதல் படத்தில் ஒன்பது புள்ளி. இரண்டாவது மாற்றத்துக்குப் பிறகு பதினான்கு.

ஆனால் அதே மதியம், அதே தூசியோடு, எஃப் 2.8-ல் எடுத்த முகப் படங்களில் ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை. தூசி உட்காருவது சென்சார் மேல் அல்ல, அதற்கு முன்னால் இருக்கும் கண்ணாடித் தகட்டின் மேல். துவாரம் அகலமாக இருந்தால் பல கோணத்திலிருந்து ஒளி வந்து தூசியின் நிழலைக் கலைத்துவிடும். துவாரம் சுருங்கினால் நிழல் கூர்மையாக விழும். அன்றைக்கு விசிறி சுழல்வது கலங்கலாக வரவேண்டும் என்று, உச்சி வெயிலில், ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் கொண்டுபோக மறந்துவிட்டு, எஃப் 16-க்கு இறங்கி 1/30 நொடியில் எடுத்தேன். தூசியை வெளிச்சம் போட்டுக் காட்டியது என் அபர்ச்சர்தான்.

இதிலேயே இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. எஃப் 16-ல் ஒளி விளிம்பில் வளைந்து, ஒரு புள்ளி சுமார் 21 மைக்ரான் அகல வட்டமாகப் பரவும். சின்னவனின் ஒரு பிக்சல் 4.4 மைக்ரான்தான். அதாவது 45 மெகாபிக்சலைக் காசு கொடுத்து வாங்கி, எஃப் 16-ல் கொண்டுபோய்க் கரைத்திருக்கிறேன். கேன்வாஸ் 24-க்கு 36 அங்குலம். அதைப் பெரியவன் எஃப் 8-ல் எடுத்திருந்தாலும் அந்தச் சுவரில் யாரும் வித்தியாசம் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள்.

சுத்தம் செய்தது சுலபம். எஃப் 22-ல் வெள்ளைத் திரையை ஃபோகஸ் இல்லாமல் எடுத்துப் பார்த்தோம். கேமராவைக் குப்புறப் பிடித்து ரப்பர் ஊதுகுழலால் அடித்ததும் பதினான்கில் ஒன்பது போய்விட்டது. மீதியை ஈரத் துடைப்பான் எடுத்தது. படத்தில் மேலே தெரியும் புள்ளி சென்சாரில் கீழே இருக்கும். முதல் தடவை செய்கிறவர்கள் தப்பான ஓரத்தையே தேய்த்துக்கொண்டிருப்பார்கள். வாயால் ஊதவே கூடாது, எச்சில் தெறித்தால் அது தனிக் கதை.

மேடைக் கோடுகள்

இதுவும் சின்னவன். தம்பியின் முகம் கொஞ்சம் இறங்கியது. ஆனால் உடனே, "அப்ப சென்சார் போயிருச்சுங்கண்ணா, சர்வீஸ் கொடுக்கணும்" என்றான்.

காலையில் காங்கேயத்தில் முகூர்த்தம். இணைச்சீர் என்ற சடங்கு நடக்கும்போதும் மங்கல வாழ்த்துப் பாடும்போதும் ஷட்டர் சத்தம் மைக்கில் விழுகிறது என்று வீடியோக்காரர் கோபித்துக்கொண்டார். எங்கள் பையன் சின்னவனைச் சத்தமில்லா ஷட்டருக்கு மாற்றிவிட்டான். நல்ல காரியம்தான். மாலையில் மாப்பிள்ளை ஊரில் வரவேற்பு. மேடை முழுக்க எல்இடி, பின்னால் எல்இடி சுவர். கேமரா அதே நிலையிலேயே மேடை ஏறிவிட்டது. சத்தமில்லா ஷட்டரில் ஃபிளாஷும் எரியாது. வீடியோக்காரர் லைட் போதுமான வெளிச்சம் கொடுத்ததால் பையன் அதையும் கவனிக்கவில்லை.

கடையில் மலிவான எல்இடி டியூப் ஒன்று மாட்டி அதைத் திரும்ப நடத்திப் பார்த்தோம். வெள்ளைச் சுவர், முக்காலி. சத்தமில்லா ஷட்டர், 1/500 நொடி: சுவரெங்கும் பட்டை. 1/100 நொடி: பட்டை இல்லை. 1/50: இல்லை. திரும்ப 1/500-க்குப் போய் மெக்கானிக்கல் ஷட்டர் வைத்தோம்: பட்டைகள் இல்லை, சட்டத்தின் ஒரு ஓரம் மட்டும் கொஞ்சம் மங்கல். வாசலுக்கு வந்து வெயிலில் சத்தமில்லாமல் 1/500: பளிங்குபோல் சுத்தம். சென்சாருக்கு ஒன்றும் இல்லை.

நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. ஒவ்வொரு சுழற்சியிலும் இரண்டு உச்சம் என்பதால் மலிவான விளக்கு நொடிக்கு 100 தடவை எரிந்து மங்கும். கண்ணுக்குத் தெரியாது. சத்தமில்லா ஷட்டரில் சென்சார் மொத்தப் படத்தையும் ஒரே நேரத்தில் எடுப்பதில்லை. மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. விளக்கு எரியும்போது படித்த வரி வெளிச்சமாகவும் மங்கும்போது படித்த வரி இருட்டாகவும் பதிகிறது. அதுதான் பட்டை.

இதை வைத்தே கேமராவின் வேகத்தை அளந்துவிடலாம் என்று அப்போதுதான் தோன்றியது. 1/500-ல் எடுத்த சுவர்ப் படத்தில் இருட்டுப் பட்டைகளை எண்ணினோம். கிட்டத்தட்ட ஏழு. நொடிக்கு நூறு மங்கல் என்றால் ஏழு மங்கலுக்கு 7/100 நொடி, அதாவது ஏறக்குறைய 1/15 நொடி. சின்னவன் ஒரு படத்தை முழுதாகப் படித்து முடிக்க அவ்வளவு நேரம் எடுக்கிறான். மெக்கானிக்கல் ஷட்டரின் திரை அதே தூரத்தை 1/250 நொடிக்குள் ஓடிவிடும். பட்டை பட்டையாக விழ அதற்குள் நேரமில்லை. ஓரத்தில் மங்கலாக ஒரு சாயல் மட்டும் விழலாம். இந்தச் சிக்கலை வேரோடு பிடுங்க, ஒன்று படிக்கும் வேகத்தைக் கூட்டவேண்டும். நிக்கான் 2021ல் வெளியிட்ட இசட்9-ல் சென்சார் அவ்வளவு வேகமாகப் படிப்பதால் மெக்கானிக்கல் ஷட்டரையே எடுத்துவிட்டார்கள். இல்லையென்றால் எல்லா வரியையும் ஒரே கணத்தில் பிடிக்கவேண்டும். சோனி 2023ல் அறிவித்த ஏ9 III அந்த வகை. அந்த விலையை நம் பக்கத்துக் கல்யாண ரேட்டில் வைத்துக் கணக்குப் போட்டால் தலை சுற்றும், விடுங்கள்.

அதே மேடையில் பெரியவன் மெக்கானிக்கல் ஷட்டரும் ஃபிளாஷுமாக எடுத்த படங்களில் பட்டை இல்லை. ஆனால் அவனும் முழு யோக்கியன் இல்லை. படங்களை வரிசையாகத் தட்டினால் பின்னணி ஒன்றில் வெளிச்சம், அடுத்ததில் மங்கல். விளக்கு மினுங்கும் எந்தக் கணத்தில் ஷட்டர் திறந்ததோ, அதற்கேற்ற வெளிச்சம். பின்னால் இருந்த எல்இடி சுவர் இன்னொரு ரகம். அதன் மினுக்கல் இன்னும் வேகம். ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் மெக்கானிக்கலிலும் சன்னக் கோடு விழுகிறது, 1/100-க்கு இறக்கினால் பெரும்பாலும் மறைகிறது.

இருட்டைத் தூக்கினால்

இதைப் பற்றி யாரும் புகார் சொல்லவில்லை. இருந்தாலும் பெரியவனை விற்பதா என்ற பேச்சு வந்துவிட்டதால், தரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தோம். இரண்டும் ஒரே கம்பெனி என்பதால் அடாப்டர் போட்டு ஒரே லென்ஸை இரண்டிலும் மாட்ட முடிந்தது. இல்லாவிட்டால் கேமராவை ஒப்பிடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு லென்ஸைத்தான் ஒப்பிட்டிருப்போம்.

முதலில் ஐஎஸ்ஓ 6400, அதாவது மங்கிய வெளிச்சத்துக்காக ஏற்றிவைக்கும் அளவு. கம்ப்யூட்டரில் நூறு சதவீதம் பெரிதாக்கினால் சின்னவன் படத்தில்தான் குருணை அதிகம். தம்பி நம்பவில்லை, ஃபைல் பெயரை இரண்டு தடவை பார்த்தான். பிக்சல் சின்னதாக இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் ஒளி குறைவு, அவ்வளவுதான். 45-ஐ 24 மெகாபிக்சல் அளவுக்குச் சுருக்கியதும் இரண்டும் ஒன்றுபோலவே ஆகிவிட்டன. சென்சாரின் மொத்தப் பரப்பு இரண்டிலும் 36-க்கு 24 மி.மீ.தானே, உள்ளே வரும் ஒளியும் ஒன்றுதான்.

அடுத்து, குறைந்த ஐஎஸ்ஓவில் வேண்டுமென்றே ஐந்து ஸ்டாப் இருட்டாக (ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஒளி பாதியாகும்) எடுத்து, லைட்ரூம் மென்பொருளில் வெளிச்சத்தைத் தூக்கினோம். இங்கேதான் எனக்கே ஆச்சரியம். பெரியவன் படத்தில் குருணை மட்டும். சின்னவன் படத்தில் கறுப்பு வேட்டித் திரையின் மேல் மெல்லிய படுக்கைக் கோடுகள். மிரர்லெஸ்ஸில் ஃபோகஸ் பார்க்கும் பிக்சல்கள் படம் எடுக்கும் சென்சாரிலேயே வரிசை வரிசையாகக் கலந்து உட்கார்ந்திருக்கின்றன. அந்த வரிசைகள் மற்றவைபோல நடந்துகொள்வதில்லை. இருட்டை மிகவும் தூக்கினால் காட்டிக்கொடுக்கின்றன. டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸுக்குத் தனி சென்சார் கண்ணாடிக்குக் கீழே இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஒன்று: மூன்று ஸ்டாப் வரை தூக்கினால் இரண்டிலும் ஒன்றுமில்லை. ஐந்து ஸ்டாப் இருட்டாகக் கல்யாணம் எடுக்கிறவனுக்குக் கோடு பெரிய பிரச்சினையே இல்லை.

சன்னக் கோடு போட்ட சட்டையில் வானவில் அலை ஓடுவதையும் பார்த்தோம். சின்னவனில் இந்த அலையைக் குறைக்கும் லோ பாஸ் ஃபில்டர் இல்லை, அதனால் கொஞ்சம் கூடுதல். ஓரடி தள்ளி நின்றால் போய்விடுகிறது.

பிரிண்ட்டைப் பொறுத்தவரை, எங்கள் ஆல்பம் 12-க்கு 36. ஒரு பக்கம் 12-க்கு 18 அங்குலம். அங்குலத்துக்கு 300 புள்ளி அடித்தாலும் 5400-க்கு 3600, அதாவது 19 மெகாபிக்சல் சொச்சம். 24 இருந்தாலே மிச்சம். இரண்டு கேமராவிலும் ஒரே காட்சியை எடுத்து அடித்து, கடைக்கு வந்த மூன்று பேரிடமும் பக்கத்து டீக்கடைக்காரரிடமும் காட்டினேன். யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. "எத்தன மெகாபிக்சலுங்க?" என்று கேட்டுத்தான் ஆர்டரே கொடுக்கும் ஊரில் இதைச் சொல்லி என்ன செய்வது.

குறை இல்லாத கேமரா கிடையாது என்பதற்குக் கம்பெனிகளின் சொந்த வரலாறே போதும். நிக்கான் 2012ல் கொண்டுவந்த டி600-ல் படத்தின் இடது மேல் மூலையில் புள்ளிகள் சேர்ந்துகொண்டே போயின. அடுத்த வருடம் டி610 வந்தது, 2014ல் டி600-க்கு ஷட்டரையே இலவசமாக மாற்றித் தர ஒப்புக்கொண்டார்கள். கேனான் 5டி மார்க் III-ல் மேல் டிஸ்ப்ளேயின் விளக்கைப் போட்டால் கும்மிருட்டில் வெளிச்ச அளவீடு மாறும் என்று 2012ல் கேனானே அறிவித்தது. 5டி மார்க் II-ல் நிழலைத் தூக்கினால் கோலம்போல் கோடுகள் வருவது அந்தக் கால போட்டோகிராஃபர்கள் எல்லாருக்கும் மனப்பாடம். சோனி ஏ7 வரிசையின் ஆரம்ப கேமராக்கள், சென்சார் பதிந்த அசல் தகவலான ரா ஃபைலையே இழப்போடு சுருக்கிச் சேமித்தன. இழப்பில்லாத ரா 2015ல்தான் வந்தது. இவை எல்லாமே அருமையான கேமராக்கள். தாராபுரம் தூசியிலும் மண்டப லைட்டிலும் எது எங்கே இடறும் என்று மட்டும் எந்த விமர்சனத்திலும் போட்டிருக்காது.

அரக்கு

இதுதான் எங்களை நாலு நாள் உட்காரவைத்தது. ரோஸ் பக்கம் சின்னவன், செங்கல் பக்கம் பெரியவன். அம்மா சொன்னது சரி. இரண்டிலும் அரக்கு இல்லை.

அந்த அம்மாவிடம் கேட்டுப் புடவையை இரண்டு நாள் வாங்கி வைத்துக்கொண்டோம். மடிப்பு கலையாமல் திருப்பித் தரவேண்டும் என்று நிபந்தனை. 24 கட்ட வண்ண அட்டையைப் பக்கத்தில் வைத்து, மூன்று வெளிச்சத்தில் எடுத்தோம். காலை வெயிலில், கடை வாசலில்: இரண்டு கேமராவும் ஏறத்தாழ ஒன்று, அரக்கு அரக்காகவே. ஸ்டூடியோ ஃபிளாஷில்: அதேபோல. மலிவு எல்இடியில்: ஒன்று ரோஸ், ஒன்று செங்கல்.

ஆக, சண்டைக்குக் காரணம் வெளிச்சம். சாதாரண வெள்ளை எல்இடி என்பது நீல எல்இடியின் மேல் மஞ்சள் பூச்சுப் பூசியது. அதில் ஆழ்ந்த சிவப்பு ரொம்பக் கம்மி. விளக்குகளின் நிற மதிப்பெண்ணில் ஆழ்ந்த சிவப்புக்கு ஆர்9 என்று தனி எண் உண்டு. பெட்டியின் மேல் போடும் மொத்த மதிப்பெண்ணில் அது சேராது. மலிவு விளக்குகளில் ஆர்9 பூஜ்யத்துக்குக் கீழேகூடப் போகும். அரக்குப் பட்டு திருப்பி அனுப்புவதோ பெரும்பாலும் அந்த ஆழ்ந்த சிவப்பைத்தான். விளக்கே கொடுக்காததைப் புடவை எப்படித் திருப்பிக் கொடுக்கும்? கிடைத்த கொஞ்ச ஒளியை ஒவ்வொரு சென்சாரும் தன் நிற வடிகட்டிக்குத் தகுந்தபடி புரிந்துகொள்கிறது. இரண்டு கேமராவின் வடிகட்டிகளும் ஒன்றல்ல, நம் கண்ணைப்போலவும் அல்ல. வெயிலில் ஒத்துப்போகிறவர்கள் எல்இடியில் பிரிந்துபோவது அதனால்தான்.

அப்புறம் என் பங்கு. முகூர்த்தப் படங்களில் புடவை மடிப்புகள் பிளாஸ்டிக் மாதிரி மழுமழுவென்று இருந்தன, ஜரிகை ஓரத்தில் நூலே தெரியவில்லை. சென்சாரில் சிவப்பு அளவு மீறி வெந்துவிட்டது என்று நினைத்தேன். ரா ஃபைலைத் திறந்து பார்த்தால் சிவப்பில் இன்னும் இடம் இருந்தது. வெந்தது வேறு இடத்தில்: லேபுக்கு அனுப்ப எஸ்ஆர்ஜிபி என்ற குறுகிய நிற எல்லைக்கு மாற்றும்போது. அவ்வளவு அடர்ந்த சிவப்பு அந்தப் பெட்டிக்குள் அடங்காது. அடங்காததை எல்லாம் சுவரில் தள்ளி ஒரே நிறமாக நசுக்கிவிடுகிறது. நான் வேறு, "கலர் நல்லாத் தூக்கலா இருக்கட்டும்" என்று சாச்சுரேஷனை ஏற்றியிருந்தேன்.

ஆக, மூன்றாவது புகாரில் கேமராக்களுக்குப் பங்கு இருக்கிறது, பெரிய பங்கு மண்டபத்து விளக்குக்கு, நடுவில் எனக்கும் ஒரு பங்கு. தம்பியிடம் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

இரண்டு கேமராவுக்கும் எல்இடி வெளிச்சத்தில் வண்ண அட்டையை எடுத்துத் தனித்தனி ப்ரொஃபைல் (நிறத்தைத் திருத்தும் கோப்பு) செய்தோம். இடைவெளி குறைந்தது, முழுதாக மூடவில்லை. மீதியைக் கையால்தான் சரிசெய்யவேண்டியிருந்தது: சிவப்பின் அடர்த்தியை மட்டும் இறக்கி, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து, புடவையை மானிட்டருக்குப் பக்கத்தில் நாற்காலியில் போட்டுப் பார்த்துப் பார்த்து. மடிப்பில் ஜரிகை திரும்ப வந்தது.

புதிய பக்கங்கள் வந்த அன்று அந்த அம்மாவை வரச்சொன்னோம். அவர் டியூப்லைட்டுக்கு அடியில் பார்க்கவில்லை. பக்கத்தையும் புடவையையும் எடுத்துக்கொண்டு நேராக வாசல் வெயிலுக்குப் போனார். எனக்கு நாலு நாள் பிடித்த பாடம் அவருக்குக் கடையில் துணி எடுத்த பழக்கத்திலேயே இருந்திருக்கிறது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இப்பத்தானுங்க எம்பட பொண்ணு பொடவையாட்ட இருக்குது" என்றார். பிறகு மடிப்பை எண்ணிப் பார்த்துப் பைக்குள் வைத்தார்.

கேன்வாஸைப் புள்ளி நீக்கி எங்கள் செலவில் மறுபடி அடித்துக் கொடுத்தோம். மேடைப் படங்களில் பட்டை பின்னணியில் மட்டும் விழுந்தவற்றைச் சரிசெய்ய முடிந்தது. முகத்தின் மேல் விழுந்ததில் பதினோரு படங்கள் எதற்கும் மசியவில்லை. பட்டையை அழித்தால் கன்னத்தின் நிறமும் கூடவே போகிறது. அவை இருந்த இரண்டு பக்கங்களை எடுத்துவிட்டு, பெரியவன் எடுத்த படங்களை வைத்துத் திரும்பக் கட்டினோம். பெண்ணின் தாய்மாமன் மாலை போட்ட படம் மட்டும் பெரியவனிடமும் இல்லை. அது வீடியோவிலிருந்துதான் எடுக்கவேண்டி வந்தது. ஆல்பத்தில் அந்த ஒன்று மட்டும் சின்னதாக, ஓரத்தில் இருக்கிறது.